நீண்ட அடி: பல்கேரிய முரசும் ஸ்தோயான் யான்குலோவும்



இந்த ஆண்டுச் சொற்பொழிவு தோற்கருவிகளைப் பற்றி அமைய வேண்டும் என்று அறக்கட்டளையினர் கேட்டிருந்தார்கள். மிருதங்கத்தையும் தவிலையும் பறையையும் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்த அரங்கின் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். எனவே நான் பல காலமாகக் கேட்டும் படித்தும் வருகிற பல்கேரியத் தாள இசையை எடுத்துக்கொண்டேன். அதிலும் ஒரு கலைஞரை நடுவில் நிறுத்திப் பேச விரும்புகிறேன். அவர் பெயர் ஸ்தோயான் யான்குலோவ். 1966இல் பிறந்தவர். சோஃபியாவிலுள்ள அரசு இசைக் கழகத்தில் தாளக்கருவி பயின்றவர். அவர் நாட்டு ரசிகர்களுக்கு அவர் ‘ஸ்துன்ஜி’. தபான் என்ற நாட்டுப்புற முரசையும் ஜாஸ் டிரம்ஸ் செட்டையும் ஒரே கச்சேரியில், சில சமயம் ஒரே பாட்டில், மாற்றி மாற்றி வாசிப்பவர்.

இவரைப் போன்றவர்களைப் பற்றி எழுதும்போது ‘மரபையும் நவீனத்தையும் இணைத்தவர்’ என்ற தொடர் தானாக வந்து விழுந்துவிடுகிறது. அந்தத் தொடரில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதைக் கேட்டு எனக்கு எதுவும் விளங்குவதுமில்லை. மரபு என்று இங்கே எதைச் சொல்கிறோம்? ஆட்டுத்தோலையா? தோளில் மாட்டும் வாரையா? 7, 9, 11 என்ற எண்களையா? இவற்றில் எது போனாலும் மரபு போய்விடாது, எது போனால் போய்விடும்? இன்றைய பேச்சு இந்தக் கேள்வியைச் சுற்றித்தான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்கேரியத் தாளத்தின் உயிர் ஒரு நீண்ட அடியில் இருக்கிறது. ஆடுகிறவர்களின் காலில் மற்ற அடிகளைவிடச் சற்றே நீண்டு விழும் ஓர் அடி. அதைக் காப்பாற்றியவர்கள் டிரம்ஸ் செட்டிலும் மின்னணு ஒலியிலும் போய் உட்கார்ந்தாலும் மரபுக்குள்ளேதான் இருக்கிறார்கள். அதைத் தவறவிட்டவர்கள் ஆட்டுத்தோல் முரசைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாலும் வெளியில் நிற்கிறார்கள்.

1. முதலில் கருவியைப் பார்த்துவிடுவோம். தபான் இருமுகப் பெருமுரசு. மரத்தாலான அகன்ற உருளை, இரண்டு பக்கமும் தோல், இரண்டையும் இழுத்துக் கட்டும் கயிறு. வாரைத் தோளில் மாட்டி முரசை உடம்புக்கு முன்னால் சாய்வாகத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். ஒரு கையில் கியாக் என்ற தலை பருத்த கட்டைக்கோல். மற்றொரு கையில் பிரச்கா என்ற மெல்லிய, வளைந்து கொடுக்கும் குச்சி. கியாக் விழும் பக்கத்தில் தடித்த தோல், பிரச்கா விழும் பக்கத்தில் மெல்லிய தோல். ஒன்று நெஞ்சில் அதிரும். மற்றொன்று சுள்ளென்று காதில் விழும்.

தென்மேற்கில் பிரின் மலைப்பகுதியில் இதற்குத் துணை சுர்னா. நம் நாகஸ்வரத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதும் குழல். இரண்டு சுர்னாக்கள் சேரும்போது ஒன்று பாட்டை வாசிக்க, மற்றது ஒத்து ஊதிக்கொண்டிருக்கும். பால்கன் நாடுகளிலிருந்து துருக்கி, ஈரான் வழியாக நம் கோயில் வாசல்வரை சீவாளிக் குழலும் இருமுக முரசும் சேர்ந்தே ஒலிப்பது தோற்கருவி ஆய்வாளர்கள் அறிந்த செய்தி. தவில்காரர் ஒரு பக்கம் குச்சியாலும் மறுபக்கம் கூடு மாட்டிய விரல்களாலும் வாசிப்பதைப் பார்த்துப் பழகிய நமக்குத் தபான்காரரின் இரண்டு கைகள் இரண்டு வேலை செய்வது வியப்பாக இருக்காது. ஒற்றுமையை இதற்குமேல் நான் இழுக்கப்போவதில்லை. இரண்டும் தனித்தனியே நெடுங்காலம் வளர்ந்த கலைகள்.

நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது அந்த இரண்டு கைகளின் வேலைப் பிரிவினையை. கனத்த கை அடி எங்கே விழுகிறது என்று சொல்கிறது. மெல்லிய கை இரண்டு அடிகளுக்கு நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று சொல்கிறது. டிரம்ஸ் செட்டின் கதையும் இதுதான். முன்பு தனித்தனி ஆட்கள் வாசித்த பெரிய முரசையும் சிறிய முரசையும் தட்டையும் காலால் மிதிக்கும் பெடல் வந்தபின் ஒரே ஆள் வாசிக்க முடிந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த மாற்றம் அது. ஓர் ஆளுக்குள் இரண்டு வேடம் என்பது தபான்காரருக்குப் புதிதல்ல. ஆகையால் யான்குலோவ் தபானிலிருந்து செட்டுக்குப் போவதை இரண்டு உலகங்களுக்கு நடுவே தாண்டும் தாண்டலாக நான் பார்க்கவில்லை. கையில் இருந்த வேலையில் ஒரு பங்கு காலுக்குப் போகிறது, அவ்வளவே. கடினம் வேறிடத்தில் இருக்கிறது.

2. கடினம் தாளத்தில் இருக்கிறது. நம் சொற்கட்டையே துணைக்கு அழைத்துக்கொள்கிறேன். பைதுஷ்கோ என்ற ஆட்டம் ஐந்து: தக தகிட. ரச்செனித்ஸா ஏழு: தக தக தகிட. தாய்ச்சோவோ ஒன்பது: தக தக தக தகிட. கோப்பனித்ஸா பதினொன்று: தக தக தகிட தக தக. புச்சிமிஷ் பதினைந்து: தக தக தக தக தகிட தக தக. நமக்கு மிச்ர சாபு நன்றாகத் தெரியும், ஏழைக் கேட்டு நாம் திகைப்பதில்லை. ரச்செனித்ஸாவில் நீண்ட பங்கு கடைசியில் வருகிறது. முதலில் வரும் ஏழும் அங்கே உண்டு, தகிட தக தக என்று, தென்மேற்கு ஆட்டங்களில் அதைக் கேட்கலாம்.

இப்படிச் சொல்லிப் பார்ப்பது எளிது. ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நாம் ‘தக தக தகிட தக தக’ என்று சொல்லும்போது பதினொரு அட்சரங்களை எண்ணுகிறோம். ஹோரோ என்று சொல்லப்படும் வளைய ஆட்டத்தில், கை கோத்து நிற்கும் கிராமத்துப் பெண் பதினொன்றை எண்ணுவதில்லை. அவளுக்கு இருப்பவை ஐந்து அடிகள். அவற்றில் நடுவில் உள்ளது நீளம். குட்டை, குட்டை, நீளம், குட்டை, குட்டை. அந்த நீண்ட அடியில் உடம்பு சற்று மேலெழுந்து இறங்கும், அல்லது ஒரு சிறு குதிப்பு வரும், அல்லது முழங்கால் மடங்கும். கால் தரையில் விழுவதற்கு அந்தக் கூடுதல் இடம் தேவைப்படுகிறது. எழுத்தில் நாம் 3:2 என்று குறிக்கும் விகிதம் ஆட்டத்தின் வேகத்துக்கும் ஊருக்கும் தக்கபடி சற்று நெகிழவும் செய்யும். வேகம் ஏறினால் நீண்ட அடி கொஞ்சம் சுருங்கும். வயதானவர்கள் ஆடும்போது கொஞ்சம் தாராளமாகும். தபான்காரர் ஆட்டக்காரர்களின் எதிரே நடந்து போய் அவர்கள் காலைப் பார்த்தே வாசிக்கிறார். அங்கே மெட்ரோனோம் கால்தான்.

கால் இந்த மரபில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று. தென்கிழக்கில் ஸ்த்ராந்ஜா மலைப்பகுதியில் பல்காரி என்று ஒரு சிற்றூர். புனிதர் கான்ஸ்டன்டைன், ஹெலெனா திருநாளில், பழைய நாட்காட்டிக்கேற்ப ஜூன் 3ஆம் தேதி, அங்கே நெஸ்தினாரிகள் என்பவர்கள் பரப்பிய தணல்மீது வெறுங்காலோடு ஆடிப் போவார்கள். கையில் புனிதர்களின் திருவுருவப் படம் இருக்கும். துணைக்கு கைதா என்ற தோற்பைக்குழலும் தபானும். 2009இல் யுனெஸ்கோ இந்தச் சடங்கை மானுடத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மேடை அறியாத இடம் அது. நெருப்பின்மேல் நடப்பவரின் காலுக்கும் முரசுக்கும் நடுவே தவறு நடக்க இடமேயில்லை. தபான்காரர் தன் திறமையைக் காட்ட அங்கே போகவில்லை, காலைத் தாங்கப் போகிறார்.

3. இந்தத் தாளங்களை எழுத்தில் பிடிக்க முயன்றவர்கள் யார்? 1913இல் தோப்ரி ஹ்ரிஸ்தோவ் தம் நாட்டு மக்களிசையின் தாள அடிப்படைகளைப் பற்றி எழுதினார். 1927இல் வசில் ஸ்தோயின் அதன் சந்தத்தையும் தாளத்தையும் பற்றித் தனி நூலே வெளியிட்டார். இருவரும் ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்கு நடுவில் வாழ்ந்தவர்கள். பிறகு 1938இல் ஹங்கேரியின் பேலா பார்டோக் ‘பல்கேரியத் தாளம்’ என்று அழைக்கப்படுவதைப் பற்றி ஓர் உரை எழுதினார். அதற்கு முன்பே, 1934இல் அமைத்த ஐந்தாவது நரம்பிசை நால்வர் படைப்பில் ஒரு பகுதியைப் பல்கேரிய முறையில் என்று குறித்திருந்தார். அவருடைய ‘மிக்ரோகாஸ்மோஸ்’ என்ற பியானோ தொகுதி முடிவது பல்கேரியத் தாளத்தில் அமைந்த ஆறு நடனங்களோடுதான், 148ஆம் எண்ணிலிருந்து 153 வரை.

பார்டோக்கிடம் நான் மிகவும் மதிப்பது வேறொன்றை. பல்கேரிய அறிஞர்களைப் படித்தபின் அவர் தாம் முன்பு ருமேனியாவில் பதிவு செய்த பாட்டுகளைத் திரும்பக் கேட்டார். அவற்றில் பலவற்றின் தாளத்தைத் தாம் சரியாக எழுதவில்லை என்று கண்டு திருத்தி எழுதினார். ஐரோப்பாவின் மிகக் கூர்மையான காதுகளில் ஒன்று அது. சம அளவு அடிகளில் பழகிய அந்தக் காதுக்கு நீண்ட அடி முதலில் ஒரு தயக்கமாக, பாடகரின் தாராளமாக, எழுதத் தேவையில்லாத ஒன்றாகவே கேட்டிருக்கிறது. அடிப்படை அலகு நிமிடத்துக்கு 300 முதல் 400 வரை ஓடுகிறது என்று அவரே கணக்கிட்டார். ஒரு விநாடிக்கு ஐந்து முதல் ஏறக்குறைய ஏழு வரை. அந்த வேகத்தில் யாரும் எண்ண முடியாது. எண்ண முடியாததைக் கால் அறிந்திருக்கிறது.

4. எழுத்திலிருந்து மேடைக்கு வருவோம். 1951இல் ஃபிலிப் குத்தேவ் அரசு நாட்டுப்பாடல், ஆட்டக் குழுவைத் தொடங்கினார். பிறகு வந்த கலைக்குழுக்கள் எல்லாவற்றுக்கும் அதுவே முன்மாதிரி. 1967இல் கோத்தெல் ஊரில் நாட்டுப்புற இசைக்கென்றே ஒரு பள்ளி வந்தது. இதனால் கிராமத்துக் கலைஞர்களுக்கு மாதச் சம்பளமும் மேடையும் மரியாதையும் கிடைத்தன. எத்தனையோ இளைஞர்கள் கைதாவும், கதூல்கா என்ற வில் கருவியும், கவல் என்ற குழலும் முறையாகக் கற்றார்கள். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தபானுக்கு மட்டும் ஓர் இழப்பு நேர்ந்தது என்பது என் கணிப்பு. எழுதப்பட்ட இசை, ஒத்திகை பார்த்த ஆட்டம், எதிரே நடத்துநர். தபான்காரர் இப்போது காலைப் பார்ப்பதற்குப் பதில் நடத்துநரின் கையைப் பார்க்கிறார். நீண்ட அடி எல்லா இரவும் ஒரே நீளத்தில் விழத் தொடங்கியது. இந்தக் கலைக்குழுக்களின் பாடகர்கள் உலகப் புகழ் பெற்ற ஆண்டுகளில் தபான் பின்வரிசைக் கருவியாகவே இருந்துவிட்டது.

5. இப்போது நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடத்துக்கு வந்திருக்கிறேன். தபானும் டிரம்ஸ் செட்டும் முதலில் சந்தித்தது இசைக் கழகத்தில் அல்ல, ஜாஸ் அரங்கிலும் அல்ல. கல்யாண வீட்டில்.

1970களில் திரேஸ் சமவெளியில் கல்யாணம் என்றால் நாள்கணக்கில் நடக்கும். முற்றத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் கை கோத்து மணிக்கணக்காக ஆடுவார்கள். அத்தனை பேருக்கும் கேட்க வேண்டும் என்றால் ஒலிபெருக்கி வேண்டும். ஒலிபெருக்கி வந்தபின் கிளாரினெட், அக்கார்டியன், சாக்ஸபோன், மின் கிட்டார், பாஸ் எல்லாம் வந்தன. அவற்றுக்கு ஈடுகொடுக்க டிரம்ஸ் செட் வந்தது. வாசித்தவர்களில் பெரும்பங்கினர் ரோமா இனத்தவர்கள், துருக்கியர்கள். இந்த இசைக்குக் கல்யாண இசை என்றே பெயர். இதன் தலைமகன் கிளாரினெட் கலைஞர் ஈவோ பப்பாசோவ். 1952இல் கார்ஜலியில் பிறந்தவர், 1974இல் திராக்கியா என்ற குழுவை அமைத்தவர்.

அரசுக்கு இந்த இசை பிடிக்கவில்லை. இதில் துருக்கிய, ரோமா வாசனை அதிகம், ‘தூய’ பல்கேரியம் குறைவு என்று பார்த்தார்கள். பப்பாசோவ் 1982இல் சிறையில் அடைக்கப்பட்டார். 1984, 85இல் நாட்டின் துருக்கியர்கள் அனைவரும் தங்கள் பெயரையே மாற்றிக்கொள்ளும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். சுர்னாவைப் பொதுமேடைகளில் ஒடுக்கினார்கள். 1985இல் ஸ்தம்போலோவோ ஊரில் கல்யாணக் குழுக்களுக்கென்று விழா தொடங்கியபோது கூட்டம் அலைமோதியது. அங்கேயும் வாசிப்பைத் திருத்தி நெறிப்படுத்த நடுவர்கள் இருந்தார்கள். ஒரு மக்களின் பெயரையே பறிக்கத் துணிந்த ஆட்சியால் அவர்கள் வாசித்த தாளத்தைப் பறிக்க முடியவில்லை. ஏனென்றால் அதே நாட்டின் பெரும்பான்மை மக்கள் தங்கள் பிள்ளைகளின் கல்யாணத்துக்கு அவர்களைத்தான் அழைத்தார்கள், நல்ல பணமும் கொடுத்தார்கள்.

இந்தக் கல்யாணக் குழுக்களின் டிரம்ஸ் கலைஞர்களை யாரும் போதுமான அளவு பாராட்டவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். பப்பாசோவின் 1989ஆம் ஆண்டு ஆல்பம் ‘ஆர்ஃபியஸ் அசென்டிங்’. தயாரித்தவர் ஜோ பாய்டு. அதில் டிரம்ஸ் வாசிப்பவர் சாலிஃப் அலி. கிளாரினெட்டையும் அக்கார்டியனையும் ஒதுக்கிவிட்டு அவரை மட்டும் கேட்டுப் பாருங்கள். வேகம் பயங்கரமானது. அந்த வேகத்தில் ஒருவர் எல்லா அலகுகளையும் ஒரே அளவு அழுத்தத்தோடு தட்டினால் நமக்குக் கேட்பது கணக்கு மட்டும்தான். பதினொன்று, பதினொன்று, பதினொன்று என்று தையல் இயந்திரம் ஓடுவது போல இருக்கும். தேர்ந்த கல்யாண டிரம்மரிடம் அப்படி இருக்காது. குட்டை அடிகளை அடக்கி வாசிப்பார். நீண்ட அடி வரும்போது இடம் விடுவார். சில சமயம் கனத்த அடியை நீண்ட அடியின் தலையில் போடாமல் அதன் உள்ளே தள்ளிப் போடுவார். தலையில் ஒலி இல்லை, ஆனால் ஆடுகிறவர்களின் கால் அங்கே விழுகிறது. விட்ட இடத்தைக் கால் நிரப்புகிறது. இதைத் தபானில் கியாக் செய்துகொண்டிருந்தது. இப்போது அவர் காலடியில் இருக்கும் பெரிய முரசு செய்கிறது.

மாணவ நண்பர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கனத்த அடியைத் ‘தும்’ என்றும் மெல்லிய அடியை ‘டிக்’ என்றும் வைத்துக்கொள்வோம். ரச்செனித்ஸாவை மிக எளிய வடிவில் வாசித்தால்: தும்-டிக், தும்-டிக், தும்-டிக்-டிக். மூன்று அடியின் தலையிலும் தும். குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை இது. அடுத்த படி: தும்-டிக், தும்-டிக், டிக்-தும்-டிக். மூன்றாவது அடியின் தலையில் இருந்த கனம் ஓர் அலகு தள்ளிப் போய்விட்டது. காலில் ஆட்டம் இல்லாதவர் இதைக் கேட்டால் தடுமாறுவார். ஆடிக்கொண்டிருப்பவருக்கு இது தூக்கிவிடும் கை. தபான்காரர்களும் கல்யாண டிரம்மர்களும் இப்படித் தள்ளிப் போடும் இடங்களைக் கேட்டுப் பட்டியலிட்டால், அவற்றில் பெரும்பாலானவை நீண்ட அடிக்குள்ளேயே விழுவதைக் காண்பீர்கள். விளையாட அங்கேதான் இடம் இருக்கிறது.

6. ஜாஸ் கதை வேறு வழியில் வந்தது. ப்ளோவ்திவ் நகரில் 1937இல் பிறந்த பியானோ கலைஞர் மில்ச்சோ லெவியேவ் ‘ஜாஸ் ஃபோகஸ் 65’ என்ற நால்வர் குழுவை நடத்தினார். 1967இல் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ விழாவில் அது விமர்சகர் பரிசு பெற்றது. அவர்களுடைய ‘புளூஸ் இன் 9’ என்ற படைப்பின் பெயரே எல்லாம் சொல்லிவிடுகிறது. அமெரிக்காவின் புளூஸ், பல்கேரியாவின் ஒன்பது. லெவியேவ் 1970இல் நாட்டைவிட்டு வெளியேறி, அடுத்த ஆண்டு ஜாஸ் கலைஞர் டான் எல்லிஸின் பெரிய குழுவில் சேர்ந்தார். எல்லிஸ் அதற்கு முன்பே ரவிசங்கரின் மாணவரான ஹரிஹர் ராவிடம் இந்தியத் தாளங்களைக் கற்றவர், அவரோடு சேர்ந்து ஹிந்துஸ்தானி ஜாஸ் குழு ஒன்றையும் நடத்தியவர். இந்தியக் கணக்கும் பல்கேரிய ஆட்டமும் கலிஃபோர்னியாவில் ஒரே குழுவுக்குள் சந்தித்த காலம் அது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, அதை விளக்காமல் யான்குலோவுக்குப் போக முடியாது. ஜாஸின் உயிர் ஸ்விங். ஒரு சம அடிக்குள்ளே முதல் பாதி நீண்டும் இரண்டாம் பாதி குறுகியும் விழுவது, ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. அங்கே நீளம்-குட்டை அடிக்குள்ளே இருக்கிறது. பல்கேரியத் தாளத்தில் அடிகளே ஒன்றுக்கொன்று நீளம்-குட்டை. இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும்? குட்டை அடியில் இரண்டு அலகுதான், அதைப் பாதியாகத்தான் பிரிக்கலாம், ஸ்விங்குக்கு இடமில்லை. நீண்ட அடியில் மூன்று அலகு, அது தானாகவே இரண்டும் ஒன்றுமாகப் பிரியும். அதாவது ஸ்விங் பல்கேரியத் தாளத்துக்குள் நுழைய இருக்கும் இயல்பான வாசல் நீண்ட அடிதான். ‘ஒன்பதில்’ கடைசியாக வரும் தகிடவில் ரைடு தட்டை ஒரு டிரம்மர் எப்படித் தட்டுகிறார் என்று கேட்டால், அவர் இரண்டு இசைகளையும் அறிந்தவரா, ஒன்றின்மேல் மற்றதை ஒட்டவைப்பவரா என்பது உடனே தெரிந்துவிடும். ஜாஸும் பல்கேரிய இசையும் பொருந்தின என்று பொதுவாகச் சொல்வார்கள். எந்த இடத்தில் பொருந்தின என்று கேட்டால் என் பதில் இதுதான்.

7. யான்குலோவ் இந்த மூன்று வழிகளும் கூடும் இடத்தில் நிற்கிறார். இசைக் கழகத்தின் முறையான பயிற்சி அவரிடம் உண்டு. லெவியேவோடும், கவல் குழலை ஜாஸுக்குள் கொண்டுவந்த தியோதோசி ஸ்பாசோவோடும் வாசித்தவர். கல்யாண இசையின் வேகமும் துணிச்சலும் அவர் கைகளில் இருக்கின்றன. ஆனால் அவரை நான் இந்தப் பேச்சின் நடுவில் வைத்ததற்குக் காரணம் அவர் தபானை விட்டுவிடவில்லை என்பது. செட்டில் அத்தனையும் வாசிக்க முடிந்த ஒருவர் ஏன் திரும்பத் திரும்ப எழுந்து தபானைத் தோளில் மாட்டிக்கொள்கிறார்?

செட்டில் உட்கார்ந்தவரின் கால் பெடலில் கட்டுண்டிருக்கிறது. தபான்காரரின் கால் தரையில் விடுதலையாக இருக்கிறது. நின்று வாசிக்கும்போது நீண்ட அடியில் உடம்பு எடை மாறுகிறது, இடுப்பு திரும்புகிறது, தொங்கும் முரசும் கூடவே அசைகிறது, கியாக் பிடித்த கை அந்த அசைவோடு சேர்ந்து விழுகிறது. தாளத்தின் நீளத்தை வாசிப்பவரின் உடம்பே அளக்கிறது. செட்டுக்குத் திரும்பி உட்காரும்போது அந்த அளவு உடம்பில் புதிதாக இருக்கும். அவர் தபானைக் காட்சிக்காக எடுப்பதாக நான் எண்ணவில்லை. தாளத்தைச் சரிபார்த்துக்கொள்ள எடுக்கிறார் என்பதே என் துணிபு.

உலகம் அவரை அறிந்தது வேறு மேடையில். 2003இல் அவர் பாடகி எலித்ஸா தொதொரோவாவோடு இணைந்து வாசிக்கத் தொடங்கினார். எலித்ஸா நாட்டுப்புறப் பாணியில் நெஞ்சிலிருந்து குரலெடுப்பவர், தாமும் முரசு அடிப்பவர். 2007இல் இருவரும் ஹெல்சிங்கியில் நடந்த யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் பல்கேரியாவுக்காக ‘வோதா’ என்ற பாட்டைப் பாடினார்கள். தண்ணீர் என்று பொருள். பல்கேரியா 2005இல்தான் அந்தப் போட்டியில் நுழைந்திருந்தது. முதல் இரண்டு ஆண்டும் ஆங்கிலப் பாட்டு, இரண்டு முறையும் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. மூன்றாம் ஆண்டு தாய்மொழியில், நாட்டுப்புறக் குரலில், முரசோடு போனார்கள். இறுதிச் சுற்றில் 157 புள்ளிகள், ஐந்தாம் இடம். நாடே கொண்டாடியது. 2013இல் மால்மோவில் அதே இருவர் மீண்டும் போட்டியிட்டு அரையிறுதியோடு திரும்பினார்கள்.

அந்த 2007ஆம் ஆண்டு நிகழ்ச்சியைப் பற்றிப் பெரும்பாலானவர்கள் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். யூரோவிஷனில் 1999 முதல் இசைக்குழு இல்லை. அப்போது பாடும் குரல்கள் மட்டும் நேரடி. கருவிகளின் ஒலி முன்பே பதிவு செய்து அனுப்பப்படுவது. பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது, மேடையில் ஆறு பேருக்குமேல் இருக்கக் கூடாது. ஆகவே ஒரு முரசுக் கலைஞரை அவர் வாழ்நாளில் மிக அதிகமானவர்கள் பார்த்த நிகழ்ச்சியில், அவர் அப்போது அடித்த அடி ஒலிபரப்பில் போகவில்லை. மக்கள் கேட்டது ஒலிப்பதிவுக் கூடத்தில் முன்பே அடித்தது.

இதைக் குறையாகச் சொல்லும் விமர்சகர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. ஒலி பதிவானது என்றால் மேடையில் மீந்திருப்பது என்ன? உடம்பு. கை எங்கே உயர்கிறது, எங்கே நிற்கிறது, எங்கே விழுகிறது என்பது. யூரோவிஷன் பார்த்த பார்வையாளர்களில் ரச்செனித்ஸா எதுவென்று அறிந்தவர்கள் சிலரே. மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது இரண்டு பேர் தங்கள் முழு உடம்பாலும் தாளம் போடும் காட்சி. காலுக்காகப் பிறந்த முரசு காட்சியாகவே வேலை செய்யக்கூடியது என்பதை அந்த மூன்று நிமிடம் காட்டியது. ஆனால் அதை வைத்து யான்குலோவை அளப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். மூன்று நிமிட மின்னணு நடனப் பாட்டில் நீண்ட அடி தன் நெகிழ்வைக் காட்ட இடமில்லை. கணினியின் கட்டத்தில் அது ஒவ்வொரு முறையும் ஒரே நீளத்தில்தான் விழும். குத்தேவ் காலத்து மேடையில் நடத்துநரின் கை செய்ததையே இங்கே இயந்திரம் செய்கிறது. ஆட்டக்காரர்களின் கால் எதிரே இல்லாத இடங்களில் எல்லாம் தபானுக்கு இந்த ஆபத்து உண்டு. மின்னணு ஒலியை நான் எதிர்க்கவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் கட்டத்தை அணைத்துவிட்டு, முரசுக்காரர் அடித்த நீளத்தைப் பின்பற்றி மற்ற ஒலிகளை அமைக்க முடியும். அதற்கான கருவிகள் எல்லாம் இருக்கின்றன. செய்கிறவர்கள்தான் குறைவு.

ஆகவே யான்குலோவைக் கேட்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் பல்காரி ஊர்ச் சடங்கின் காணொளி ஒன்றைப் பாருங்கள், தபான்காரரைப் பார்க்காமல் ஆடுகிறவர்களின் பாதத்தைப் பாருங்கள். அடுத்து ‘ஆர்ஃபியஸ் அசென்டிங்’, அதில் சாலிஃப் அலியை மட்டும். பிறகு ஸ்பாசோவின் ‘மீன்கள் மழை வேண்டுகின்றன’ என்ற ஆல்பம், குழல் எப்படி நீண்ட அடியில் மூச்சு வாங்குகிறது என்பதற்காக. இவற்றுக்குப் பின்னால் யான்குலோவ் தபானோடு ஸ்பாசோவுடன் வாசித்த கச்சேரிகள். கடைசியில் ‘வோதா’. கேட்கும்போது விரல் விட்டு எண்ணாதீர்கள். எழுந்து நின்று, குட்டை அடிக்கு ஒரு காலடி, நீண்ட அடிக்கு ஒரு காலடி என்று இடத்திலேயே நடந்து பாருங்கள். பத்து நிமிடத்தில் கோப்பனித்ஸாவின் ஐந்து அடிகள் காலுக்கு வந்துவிடும். வந்தபின் மிருதங்க மாணவர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: அதே கோப்பனித்ஸாவை வாயால் சொல்லாமல், எண்ணாமல், ஆடும் ஒருவரை எதிரில் நிறுத்தி அவர் காலைப் பார்த்து வாசித்துப் பதிவு செய்து இந்தத் துறையில் கொடுங்கள். எண்ணி வாசித்த பதிவு ஒன்றையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் நீண்ட அடியின் நீளத்தை அளந்து பார்ப்போம். அந்த வேலையில் நானும் உடன் இருக்க விரும்புகிறேன்.